யாழ்ப்பாண அரசும் தீவகமும்: ஓர் இடைக்கால வரலாறு

யாழ்ப்பாண அரசு என்பது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1619 வரை இலங்கையின் வடபகுதியை ஆண்ட தமிழ் அரசு. இதன் மன்னர்கள் ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்பட்டனர். பரராசசேகரன், செகராசசேகரன் என்ற பட்டங்களை அவர்கள் மாறிமாறிச் சூடினார்கள். நல்லூர் இவர்களின் தலைநகராக விளங்கியது. குடாநாடும் தீவகமும் அரசின் உள்நாடு. வன்னிப் பெருநிலமும் மன்னார்க் கரையும் அதன் திறைநிலங்கள். வலிமை உச்சத்திலிருந்த காலத்தில் புத்தளம் வரையும், சில ஆண்டுகள் மலைநாட்டின் வாசல் வரையும் அதன் ஆணை சென்றது.

இந்த அரசின் வரலாறு பெரும்பாலும் நல்லூரை நடுவாக வைத்தே சொல்லப்படுகிறது. ஆனால் அதன் வருவாயும் படையும், கடைசியில் அதன் பகைவரும் கடல்வழியே வந்தவை. அந்தக் கடல்வழியின் வாசலாக இருந்தது வேலணை, காரைதீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவை அடங்கிய தீவகம். அரசு தோன்றுவதற்கு முன்பே அந்த வாசல் திறந்திருந்தது. அரசு வீழ்ந்தபின் வென்றவர்கள் பூட்டியதும் அந்த வாசலைத்தான்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே போகும் வீதி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குச் செல்கிறது. வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை இருக்கிறது. எதிரே காரைதீவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நீர்ப்பாதை, வெளிக்கடலிலிருந்து யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்குள் வரும் கலங்களின் வழி. சோழகமும் வாடையும் முறைமாறி வீசும் இந்தக் கரையில், இரு பருவத்திலும் கலங்கள் ஒதுங்கி நிற்க அந்தப் பாதை இடம் தந்தது.

தீவகத்தின் பெரும்பகுதி முருகைக்கல் நிலம். ஆறு இல்லை, கிணறுகள் பலவும் உவர். ஆனால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி ஆகிய ஊர்களின் கரையோரம் மணற்பாங்கானது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்கும். உப்புநீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அளவோடு இறைத்தால் ஆழமில்லாத கிணற்றிலும் நல்ல தண்ணீர் கிடைக்கும். மிதமிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். நெடும்பயணம் செய்யும் கப்பலுக்கு முதலில் வேண்டியது குடிநீர். பழைய கலங்கள் இந்தக் கரையை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அரசுக்கு முந்திய தீவகம்

மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று பலர் கருதுகின்றனர். காரைதீவு என்று கொள்வோரும் உண்டு. அந்த அடையாளம் எதுவாக இருந்தாலும், இடைக்காலத்தில் தீவகம் உலக வணிகத்தோடு பிணைந்திருந்தது என்பதற்கு மண்ணிலிருந்தே சான்று கிடைத்திருக்கிறது. மண்கும்பானுக்கு அயலூரான அல்லைப்பிட்டியில் 1977இல் சீன மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல், அவை சீனாவின் வட சோங் அரச காலத்தவை, ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை என்று கண்டார். தென்சீனக் கரையோரச் சூளைகளில் சுட்ட கிண்ணங்களும் தட்டுகளும் சாடிகளும் அவற்றில் அடங்கும். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் தொல்லியல் குழு இலங்கை அறிஞர்களோடு சேர்ந்து அங்கே மறுபடி அகழ்ந்தது. அரசர் பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் இல்லாத ஒரு மணற்கரை, சீனத்திலிருந்து அரபு நாடு வரை நீண்ட வணிகப் பாதையில் ஒரு தங்கலாக இருந்ததை இந்தக் கண்டெடுப்பு காட்டியது.

12ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறையின் பெயர் ஊராத்துறை. அக்காலத்து இரு கல்வெட்டுகள் அதன் பெறுமதியை இரண்டு எதிர்த் தரப்பிலிருந்து சொல்கின்றன.

முதலாவது, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு. இலங்கை முழுவதையும் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) இதைத் தமிழில் பொறிக்கச் செய்தான். இறுதியில் அவன் பெயர் வடமொழியில், கிரந்த எழுத்தில் வருகிறது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்து 1963இல் பதிப்பித்தார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது கல்வெட்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கரையில் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டும் பண்டாரத்துக்கு. மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. யானையும் குதிரையும் அரசனின் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவருபவனுக்கே சலுகை கூடுதல் என்பது தெளிவாகத் தெரிகிறது. சட்டத்தை வணிகருக்கு விளங்கும் மொழியில் அறிவிக்க எண்ணிய அரசு தமிழைத் தெரிந்தெடுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, தமிழ்நாட்டில் திருவாலங்காட்டில் உள்ள இரண்டாம் இராசாதிராச சோழனின் கல்வெட்டு. பாண்டிய அரியணைப் போட்டியில் தலையிட்ட பராக்கிரமபாகு, மறுபடியும் படையெடுப்பதற்காக ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படைகளைத் திரட்டிக் கலங்கள் கட்டினான் என்று அது கூறுகிறது. பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லவனைத் துணைகொண்டு சோழர் படையினர் இந்த இடங்களைத் தாக்கி அழித்து யானைகளைக் கவர்ந்து சென்றனர். பொலன்னறுவை வணிகருக்குத் திறந்துவைத்த அதே துறையைச் சோழர் போர்முனையாகக் கண்டனர்.

அரசின் தோற்றம்

1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றியதோடு தீவின் பழைய நீர்ப்பாசன நாகரிகத்தின் நடுப்பகுதி நிலைகுலைந்தது. சிங்கள அரசுகள் தம்பதெனியா, யாப்பகுவா, குருநாகல், கம்பளை எனத் தெற்கு நோக்கி நகர்ந்தன. வடக்கில் ஏற்பட்ட இடைவெளியில் பலர் கால்பதிக்க முயன்றனர். மலாய்த் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து வந்த சந்திரபானு என்ற சாவக மன்னன் 1247இல் படையெடுத்தான். பின்னர் வடபகுதியில் அவன் ஆட்சி அமைத்தான். பாண்டியர் படை அவனைப் போரில் கொன்றது. அவன் மகன் பாண்டியருக்குத் திறை செலுத்தும் நிலைக்கு வந்தான்.

பாண்டியப் பேரரசின் நிழலில்தான் ஆரியச்சக்கரவர்த்திகள் வரலாற்றுக்குள் வருகிறார்கள். இராமநாதபுரக் கரையில் செவ்விருக்கை நாட்டைச் சேர்ந்த தலைவர்களாக இந்தப் பட்டம் தாங்கியோரைப் பாண்டியர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. 1284ஐ ஒட்டி, மாறவர்மன் குலசேகர பாண்டியனின் தளபதியாக வந்த ஓர் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவாவை வென்று, புத்தரின் புனிதப் பல்லைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுசென்றான் என்று சூளவம்சம் பதிவுசெய்கிறது. மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரில் போய்த்தான் அதை மீட்க முடிந்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை உள்நாட்டுப் போரிலும் டில்லிப் படையெடுப்பிலும் சிதைந்தபோது, வட இலங்கையில் இருந்த பாண்டியரின் ஆட்சியாளர்கள் தனியரசர் ஆனார்கள்.

இராமேசுவரத்தோடு இருந்த பிணைப்பை இவர்கள் விடவில்லை. சேதுகாவலர் என்பது அவர்களுடைய பட்டம். சேது என்பது அவர்களுடைய காசிலும் ஓலையிலும் வரும் மங்கலச் சொல். சேதுக் காசின் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உரு. மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் சேது. பாக்கு நீரிணையின் இரு கரையையும் ஒரே நாடாகக் கண்ட அரசின் முத்திரை அது.

பதினான்காம் நூற்றாண்டின் எழுச்சி

1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொரோக்கோப் பயணி இபுனு பதூதா, காற்றில் திசைமாறிப் புத்தளத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே தங்கியிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை மூன்று நாள் விருந்தினராக வைத்திருந்தான். மன்னனுக்குப் பாரசீகம் புரிந்தது. பிற நாட்டு அரசர்களைப் பற்றிக் கேட்டறிவதில் அவனுக்கு ஆர்வம் மிகுதி. முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகள் அவன் முன்னே கிடந்தன. ஏவலர் அவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்ற விருந்தினரின் விருப்பத்துக்கு, ஆண்டுதோறும் அந்த மலைக்கு யாத்திரை போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், மன்னனின் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் எனத் துணை கொடுத்து அனுப்பினான். இந்த மன்னனின் கலங்கள் நூறை, சோழமண்டலக் கரையில் தான் கண்டதாகவும், அவற்றிற் சில யேமன் நோக்கிப் புறப்பட்டு நின்றதாகவும் பதூதா எழுதுகிறார்.

சைவனான மன்னன் ஒரு முஸ்லிம் பயணியிடம் பாரசீகத்தில் உரையாடி, பௌத்தர், சைவர், முஸ்லிம் மூவரும் புனிதமாகக் கருதும் மலைக்கு அவரை அனுப்பிவைக்கிறான். துறைமுக அரசின் இயல்பு இதில் தெரிகிறது. பல மொழியும் பல சமயமும் வந்துபோகும் இடத்தில்தான் அதன் செல்வம் இருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அரசின் கை உள்நாட்டுக்கும் நீண்டது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகம என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அரசின் முதல் தலைநகரான சிங்கைநகரின் ஆரியனுடைய வெற்றியைப் பாடுகிறது. கண்டியை அடுத்த மடவளையில் கிடைத்த 1359ஆம் ஆண்டுச் சிங்களக் கல்வெட்டு, ஆரியச்சக்கரவர்த்தி மார்த்தாண்டப் பெருமாளுக்கும் கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டைக் குறிப்பிட்டு, மாத்தளை, தும்பறை முதலிய இடங்களில் அவன் சார்பில் வரி தண்டப் பிராமணர் அமர்த்தப்பட்டதைச் சொல்கிறது. கொழும்பு, நீர்கொழும்பு, வத்தளை, சிலாபம் ஆகிய மேற்குக் கரைத் துறைகளிலும் ஆரியச்சக்கரவர்த்தியின் வரி தண்டுவோர் இருந்தனர்.

இந்த மேலாதிக்கம் நீடிக்கவில்லை. கம்பளை அரசின் அமைச்சன் அழகக்கோனார் கோட்டேயில் அரண் எழுப்பி, வரி தண்டுவோரை விரட்டினான். கரைவழியும் நிலவழியும் அனுப்பப்பட்ட யாழ்ப்பாணப் படைகள் தோற்றுத் திரும்பின. மறுபுறத்தில் விசயநகரப் பேரரசு எழுந்து, ஈழத்திலிருந்து திறை கொண்டதாகத் தன் சாசனங்களில் சொல்லத் தொடங்கியது.

இதே நூற்றாண்டுகளில் இமயமலையில் காத்மண்டுப் பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல அரசரின் வாழ்வை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களின் நாடும் சிறியது. திபெத்துக்கும் கங்கைச் சமவெளிக்கும் நடுவில் கணவாய்கள் வழியே போன வணிகத்தால் அது செழித்தது. 1349இல் வங்காள சுல்தானின் படை பள்ளத்தாக்கைச் சூறையாடிய பிறகும் மீண்டெழுந்தது. 1482இல் யட்ச மல்லன் இறந்தபின் நாடு பிள்ளைகளிடையே மூன்றாகப் பிரிந்தது; 1768–69இல் கூர்க்கா மன்னன் பிரிதிவி நாராயண் ஷா அவற்றைக் கைப்பற்றினான். பேரரசுகளுக்கு இடையே இருந்த சிற்றரசுகளுக்குப் பரப்பைவிட வழியே பெரிய சொத்து. மல்லருக்குக் கணவாய் எப்படியோ, ஆரியச்சக்கரவர்த்திகளுக்குப் பாக்கு நீரிணை அப்படி.

பொருளும் ஆட்சியும்

அரசின் வருவாயில் முத்து, சங்கு, யானை, சாயவேர் ஆகிய நான்கும் முதன்மையானவை. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு இடங்கள் முத்தைத் தந்தன. தீவகத்தின் ஆழங்குறைந்த கடலிலும் குடாநாட்டைச் சுற்றியும் சங்கு குளித்தார்கள். அது வங்காளம் வரை போய் வளையலாக அறுக்கப்பட்டது. யானை வன்னிக் காட்டில் பிடிபட்டு, குடாநாட்டின் வழியே நடத்திக் கொண்டுவரப்பட்டு ஊர்காவற்றுறையில் கலமேற்றப்பட்டது. போர்த்துக்கேயர் பின்னாளில் அந்தத் துறையையே யானைத் துறை என்று அழைத்தனர். சாயவேர் மணற்பாங்கான தரையில் தானாக முளைக்கும் சிறு செடியின் வேர். அதை அகழ்ந்து எடுத்துக் காயவைத்தால் பருத்தித் துணிக்குச் சிவப்புச் சாயம் கிடைக்கும். தீவகத்திலும் மன்னாரிலும் அதைக் கிண்டுவது குறிப்பிட்ட குடிகளின் கடமையாக இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் அந்தக் கடமை தொடர்ந்தது.

குடாநாடு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்று பிரிக்கப்பட்டிருந்தது. தீவுகள் தீவுப்பற்று எனத் தனியாக எண்ணப்பட்டன. முதலியார், அதிகாரி, தலையாரி என்ற படிநிலைகளில் அலுவலர் இருந்தனர். வன்னியில் வன்னியர் எனப்பட்ட தலைவர்கள் யானையையும் படையையும் திறையாகத் தந்து பெரும்பாலும் தம் விருப்பப்படி ஆண்டனர். நிலம், சீதனம், முதுசம், அடைமானம் பற்றிய நாட்டு வழக்கை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தனர். வடமாகாணத் தமிழரின் சொத்துரிமையில் அது இன்றும் சட்டமாகச் செல்கிறது. அரசு மறைந்து நான்கு நூற்றாண்டு கழிந்தும் அதன் குடிமக்களின் வழக்கம் உயிரோடு இருப்பது இங்கேதான்.

நல்லூர் கற்றோரின் இடமாகவும் இருந்தது. அரசவையின் ஆதரவில் சோதிடத்தில் செகராசசேகரமாலை, மருத்துவத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய நூல்கள் எழுந்தன. சரசுவதி மகாலயம் என்ற ஏட்டுச் சாலை இருந்ததாக மரபு கூறுகிறது. அரச குடும்பத்து அரசகேசரி காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழில் பாடினார்.

கோட்டேயின் ஆட்சி

1450ஐ ஒட்டி, தெற்கில் சிங்கள அரசின் தலைநகராகிவிட்ட கோட்டேயின் மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சபுமல் குமாரய யாழ்ப்பாணத்தை வென்றான். தமிழர் அவனைச் செண்பகப் பெருமாள் என்று அறிவர். மன்னன் கனகசூரிய சிங்கையாரியன் மக்களோடு தமிழகத்துக்குத் தப்பினான். செண்பகப் பெருமாள் பதினேழு ஆண்டு நல்லூரிலிருந்து ஆண்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கட்டியத்தில் இன்றும் ஓதப்படும் புவனேகபாகு என்ற பெயரை இவனோடு பலர் தொடர்புபடுத்துவர். தூது இலக்கியமான கோகில சந்தேசய, தெற்கிலிருந்து நல்லூருக்குக் குயில் பறந்துவரும் வழியைச் சிங்களத்தில் வருணிப்பது இந்தக் காலத்தில்தான். 1467இல் கோட்டே அரியணையைக் கைப்பற்ற அவன் தெற்கே திரும்பி, ஆறாம் புவனேகபாகு ஆனான். கனகசூரியன் படையோடு மீண்டுவந்து நல்லூரை எடுத்துக்கொண்டான். இதன்பிறகு யாழ்ப்பாணம் ஒன்றரை நூற்றாண்டு தன் மன்னரால் ஆளப்பட்டது.

போர்த்துக்கேயரும் வீழ்ச்சியும்

1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர், கடல்வணிகத்தையும் முத்துக்குளிப்பையும் தம் கையில் கொள்ள முயன்றபோது யாழ்ப்பாணத்தோடு மோதல் தவிர்க்க முடியாததாயிற்று. 1519 முதல் ஆண்ட முதலாம் சங்கிலி அந்த மோதலின் முதன்மை மன்னன். மன்னாரில் கத்தோலிக்கராக மாறியோர் போர்த்துக்கேய அரசின் குடிகளாகிவிடுவர் என்று அவன் அஞ்சினான். 1544இல் அவன் ஆணையால் அங்கு அறுநூறு பேர் அளவில் கொல்லப்பட்டனர். அரசின் அச்சத்தை விளங்கிக்கொள்ளலாம். தன் குடிகளையே கொன்ற செயலை அந்த அச்சம் நியாயமாக்காது.

1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரிய கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார். சங்கிலி வன்னிக்குள் பின்வாங்கினான். மக்கள் எழுச்சியால் போர்த்துக்கேயர் நல்லூரை விட்டு நீங்க நேர்ந்தது. ஆனால் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். முத்துக்கரை அதோடு அரசின் கையைவிட்டுப் போயிற்று. இந்தப் படையெடுப்பில் யாழ்ப்பாணத்தில் ஒரு புனிதப் பல்லைப் பிடித்ததாகவும், பர்மாவின் பெகு மன்னன் பெரும்பொருள் தர முன்வந்தும் கோவாவில் அதை இடித்து எரித்ததாகவும் போர்த்துக்கேயர் எழுதிவைத்தனர். உண்மையான பல் தம்மிடமே இருந்தது என்பது சிங்கள பௌத்தரின் நம்பிக்கை.

1591இல் அந்திரே ஃபுர்த்தாடு த மெண்டோன்சா நடத்திய படையெடுப்பில் யாழ்ப்பாண மன்னன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கன் திறைக்கும் சமயப் பணிக்கும் இணங்கி அரியணை ஏறினான். வெளியே போர்த்துக்கேயருக்கு இணங்கியவனாக இருந்துகொண்டே, அவர்களை எதிர்த்த கண்டி அரசுக்கு வேண்டிய பொருளும் ஆளும் தன் துறைகளின் வழியே போக இடமளித்தான். 1617இல் அவன் இறந்தபோது வாரிசு சிறு குழந்தை. பராமரிப்பாளராக இருந்த அரசகேசரியைக் கொன்று இரண்டாம் சங்கிலி ஆட்சியைப் பிடித்தான். எதிர்ப்பு எழுந்தபோது தஞ்சாவூர் நாயக்கரிடமிருந்து படை பெற்றான்.

1619இல் பிலிப் த ஒலிவேரா நிலவழியாகப் படைநடத்தி வந்தான். சங்கிலி தஞ்சைக் கரைக்குத் தப்ப முயன்று கடலில் பிடிபட்டான். கோவாவில் அவனுக்கு மரணதண்டனை நிறைவேறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரின் படை திரும்பத் திரும்ப வந்து இறங்கியது. உள்நாட்டில் மீகாப்பிள்ளை ஆராச்சி எழுச்சி நடத்தினான். எதுவும் அரசை மீட்கவில்லை. ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துவிட்டு, ஆட்சியிடத்தைக் கடலோரத்துக்கு, இன்றைய யாழ்ப்பாண நகருக்கு மாற்றினான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலும் அக்காலத்தில் இடிபட்டு, 1788இல் மறுபடி எழுப்பப்பட்டது என்பது கோயில் மரபு.

அரசுக்குப் பின் தீவகம்

வென்றவர்கள் முதலில் வாசலைப் பூட்டினார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே, கடல்நீருக்குள் உள்ள திட்டில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். கடற்கோட்டை என்று மக்கள் அதை அழைக்கின்றனர். நெடுந்தீவில் முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாடு இன்றும் நிற்கிறது. 1658இல் ஒல்லாந்தர் கடற்கோட்டையை முற்றுகையிட்டபோது, காவற்படை குடிநீர் இன்றித்தான் சரணடைந்தது. அவ்வாண்டு யூனில், மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. பூட்டிய வாசலை உடைத்துத்தான் ஒல்லாந்தரும் உள்ளே வர முடிந்தது.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் டெல்ஃப்ட் மட்டுமே ஆங்கில வழக்கில் தங்கிவிட்டது. ஐரோப்பியர் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் அந்தத் தீவின் மேய்ச்சல் தரையில் இன்னும் கட்டாக்காலியாகத் திரிகின்றன.

சான்றுகளும் விவாதங்களும்

மாதகல் மயில்வாகனப் புலவர் 1736இல் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, அதற்கு முந்திய கைலாயமாலை, வையாபாடல் ஆகியவையே இந்த அரசைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மரபுவழி வரலாறுகள். பழங்கதையும் நிகழ்வும் அவற்றில் கலந்துள்ளன, ஆண்டுகள் முன்பின்னாகின்றன. போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவ் த கெய்ரோஸ் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூல் வென்றவரின் பார்வையில் அமைந்தது. முதலியார் செ. இராசநாயகத்தின் பண்டைய யாழ்ப்பாணம் (1926), சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் (1928), பேராசிரியர் சி. பத்மநாதனின் யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய ஆங்கில நூல் (1978) ஆகியவை இவற்றைச் சீர்தூக்கிப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானவை.

முதல் தலைநகரான சிங்கைநகர் நல்லூரா, வடமராட்சியின் வல்லிபுரமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரசகுலம் கலிங்கத்திலிருந்து வந்ததா, பாண்டிய நாட்டிலிருந்து வந்ததா என்ற வாதமும் நெடுநாள் நடந்தது. செவ்விருக்கை நாட்டுச் சான்றுகள் பாண்டியத் தொடர்பை வலுப்படுத்துகின்றன.

எச்சங்களும் எதிர்காலமும்

நல்லூரில் சங்கிலித்தோப்பு வாசல், மந்திரிமனை, யமுனா ஏரி என்பவை அரசின் நினைவாகப் போற்றப்படுகின்றன. முத்திரைச் சந்தியில் 1974இல் சங்கிலி மன்னனின் சிலை எழுந்தது. அந்தக் கவனம் தீவகத்துக்கு வரவில்லை. நயினாதீவுக் கல்வெட்டை வழிபட வருவோரில் மிகப் பலர் பார்க்காமலே போகிறார்கள். அல்லைப்பிட்டியிலிருந்து மண்கும்பான் வரையுள்ள மணல், கட்டடத் தேவைக்காக வண்டிவண்டியாக அள்ளப்பட்டுவந்திருக்கிறது. மணல் போகும்போது அதற்குள் தங்கும் நன்னீரும் போகிறது. அதற்குள் புதைந்திருக்கும் பாண்டங்களும் காசுகளும் அடுக்குக் குலைந்து சான்றாகும் தகுதியை இழக்கின்றன. ஓர் உடைந்த கிண்ணம் எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதற்கு வரலாற்றுப் பெறுமதி உண்டு.

யாழ்ப்பாண அரசைப் பற்றிய ஏடுகள் இனிப் பெருகப்போவதில்லை. புதிய சான்று வரவேண்டுமானால் மண்ணிலிருந்தும் கடலடியிலிருந்தும்தான் வரவேண்டும். அந்த மண்ணின் பெரும்பகுதி தீவகத்தில் இருக்கிறது. ஊர்காவற்றுறைக் கால்வாயின் அடித்தளத்தை முறையாக ஆராய்வதும், அல்லைப்பிட்டி–மண்கும்பான் மணற்கரையைத் தொல்லியற் காப்பிடமாக அறிவித்து மணல் அள்ளுவதை நிறுத்துவதும், நயினாதீவுக் கல்வெட்டின் வாசகத்தை எல்லாரும் படிக்கும்படி இன்றைய தமிழில் அருகிலேயே எழுதி வைப்பதும் செய்யக்கூடிய வேலைகள். நல்லூரின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்களை எழுத இவையே வழி.